மிட்டாய் டீச்சர் கைவிட்ட அத்தியாயம்

என் கடை மேஜையின் ஓரத்தில் ஒரு கண்ணாடிப் பாட்டில் இருக்கிறது. பெட்டிக்கடைகளில் மிட்டாய் போட்டு வைப்பார்களே, அகல வாயும் தகர மூடியுமாக, அதே மாதிரி. உள்ளே ஆரஞ்சு சுளை மிட்டாய். கம்ப்யூட்டரும் ஜெராக்ஸ் மெஷினும் ஸ்பைரல் போடுகிற கருவியும் இருக்கிற கடையில் இது எதற்கு என்று வருகிறவர்கள் கேட்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள் கையையே நீட்டிவிடும். "அது விலைக்கு இல்ல தாயி" என்பேன். "அப்ப சும்மாவா அண்ணாச்சி?" என்று கேட்கும். சும்மாவும் இல்லை என்பேன். விலைக்கும் இல்லாமல் சும்மாவும் இல்லாமல் ஒரு மிட்டாய் எப்படி இருக்க முடியும் என்று அதுகள் முழிக்கும்போது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். அந்தப் பாட்டிலுக்குப் பின்னால் ஒரு டீச்சர் இருக்கிறார், என் மச்சான் இருக்கிறார், தலையணைப் பருமனுக்கு ஒரு ஆராய்ச்சி இருக்கிறது. அதைச் சொல்ல ஆரம்பித்தால் பிள்ளைகளுக்கு பஸ் போய்விடும். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். தூத்துக்குடியில் ஒரு கல்லூரிக்கு எதிரே டைப் அடித்துக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். அடுத்தவர் படித்ததை அடித்தே படித்தவன் என்று என்னைச் சொல்லலாம். உப்பளத்துப் பூச்சிகளைப் பற்றி அடித்திருக்கிறேன், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து நெல் நோய்களைப் பற்றி அடித்திருக்கிறேன், சோழர் காலத்து வரிகளைப் பற்றியும் அடித்திருக்கிறேன். என்ன, வரிசையாக வராது. முடிவுரையை முதலில் கொண்டு வருவார்கள், முன்னுரை கடைசியில் வரும், நடுவில் உள்ளது வேறு கடைக்குப் போயிருக்கும். அதனால் என் அறிவு கொஞ்சம் கிழிந்த வலை மாதிரிதான். ஆனாலும் ஒரே ஒரு ஆராய்ச்சியை மட்டும் முதல் எழுத்து தொடங்கி முற்றுப்புள்ளி வரைக்கும் நானே அடித்தேன். அது டீச்சருடையது.

டீச்சர் நாசரேத் பக்கம். மிஷன் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே, தலையில் நரை எட்டிப் பார்க்கிற வயதில், முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தார். பிள்ளைகள் எல்லாம் வெளியூருக்குப் படிக்கப் போன பிறகு தானும் படிக்க உட்கார்ந்தவர். அவர் எடுத்துக்கொண்ட விஷயமும் அதுதான்: வளர்ந்த மனிதர்கள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள்? பிள்ளைகள் கற்பதைப் பற்றி ஆதியிலிருந்து எழுதிக் குவித்திருக்கிறார்கள். பெரியவர்கள் கற்பதைப் பற்றிய சிந்தனை மட்டும் ஒரு துறையில் பிறந்து அங்கேயே வளரவில்லையாம். தத்துவக்காரர்கள் கொஞ்சம் கொடுத்தார்கள், உளவியல்காரர்கள் கொஞ்சம், சமூகவியல்காரர்கள் கொஞ்சம், ஊர் ஊராகப் போய் மனிதர்களோடு உட்கார்ந்து எழுதுகிற மானிடவியல்காரர்கள் கொஞ்சம். யார் எதைக் கொடுத்தார்கள், எது நின்றது, எது உதிர்ந்தது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. முதல் நாள் நான் விளங்காமல் தலையை ஆட்டியதைக் கண்டுபிடித்துவிட்டார். "தம்பி, இந்தப் பிள்ளைக்குத் தாய் யாருன்னு கேட்டா தெருவே கை தூக்கும். அம்புட்டுதான் என் ஆராய்ச்சி" என்றார். அன்றைக்கே இவர் சொல்வதையெல்லாம் மனதில் முடிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றிவிட்டது.

புத்தகங்களைப் படித்து எழுதினால் மட்டும் போதாது, உண்மையான ஒரு கூட்டத்திடம் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவருடைய நெறியாளர் சொல்லியிருந்தார். எந்தக் கூட்டம் என்று டீச்சர் யோசித்துக்கொண்டிருந்தபோது நான்தான் மச்சானைப் பற்றிச் சொன்னேன். சொன்னதில் எனக்கும் சுயநலம் உண்டு.

மச்சான் என் அக்கா வீட்டுக்காரர். சங்கு குளிக்கிறவர். எங்கள் கடற்கரையில் குளிப்பது என்றால் கடலுக்குள் முங்கி அடியில் கிடக்கிற சங்கை எடுத்து வருவது. அவருடைய அப்பா முத்தும் சங்கும் வெறும் மூச்சில் குளித்தவர். மகனுக்கு அவர் கொடுத்த பாடம் ஒன்றுதான்: வாயை மூடு, மூச்சை அடக்கு, முடிந்ததும் அம்பு மாதிரி மேலே வா. மச்சான் காலத்தில் முதுகில் சிலிண்டர் வந்துவிட்டது. இப்போது பாடம் தலைகீழ். அடியில் அழுத்தத்தில் இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நெஞ்சு தாங்காது. மூச்சை விட்டுக்கொண்டே வர வேண்டும். மெதுவாக வர வேண்டும். மேல்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே கயிற்றைப் பிடித்துச் சற்று நேரம் நின்று, உடம்புக்குள் கரைந்த காற்று வெளியேறிய பிறகே தலையைத் தூக்க வேண்டும். சோடா பாட்டிலைச் சட்டென்று உடைத்தால் நுரைக்கும், மெல்லத் திறந்தால் அடங்கும், அதுபோல. இதெல்லாம் மச்சானுக்குத் தெரியாதது அல்ல. சிலிண்டர் வாங்கிய அன்றே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் தண்ணீருக்குள் போனதும் அப்பாதான் முன்னால் வந்து நிற்பார். ஒருநாள் அப்படி அம்பு மாதிரி வந்து கரையேறியவருக்கு இடது கால் மரத்துப் போனது. ஆஸ்பத்திரியில் கிடந்து, கால் திரும்பி வந்தது. அடுத்த தடவை திரும்பாது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். தொழிலை விடமாட்டேன் என்று மச்சான் சொன்னார். அக்கா அவரை விடச் சொல்லவில்லை. அவள் சொன்னது இதுதான்: "எல்லாப் பொம்பளயும் புருசன் சீக்கிரம் வரணும்னு கும்பிடுவா. நான் மெதுவா வரட்டும்னு கும்பிடுதேன்."

டீச்சரிடம் இதைச் சொன்னபோது அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். தெரிந்ததைச் செய்ய முடியாமல் இருப்பது, பழையதை இறக்கி வைக்க முடியாமல் இருப்பது, இதுதானே பெரியவர்களுடைய சங்கதி என்றார். பங்குச் சாமியார் ஒரு கூடம் கொடுத்தார். எங்கள் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. அதனால் பூசை முடிந்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்ட பிறகு வகுப்பு.

முதல் அத்தியாயம் உளவியலின் பழைய பக்கம். எலியையும் புறாவையும் கூண்டில் வைத்து, சரியாகச் செய்தால் தீனி கொடுத்துப் பழக்கினார்கள் அல்லவா, அந்தப் பக்கம். டீச்சர் அந்தக் கண்ணாடிப் பாட்டிலை வாங்கிக்கொண்டு வந்தார். சரியாகப் பதில் சொன்னால் ஒரு மிட்டாய். மீசை வைத்த, தோள் அகன்ற ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து ஆரஞ்சு மிட்டாய் சப்பியதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். மிட்டாய் டீச்சர் என்ற பேரும் அன்றைக்கே விழுந்துவிட்டது. கூடத்தில் எல்லாரும் எல்லாப் பதிலும் சொன்னார்கள். மச்சான்தான் முதல் ஆள். மறுநாள் கடலில் எல்லாரும் பழையபடி அம்பு மாதிரி வந்தார்கள். அடுத்த ஞாயிறு டீச்சர் ஏன் என்று கேட்டார். மச்சான் கடைவாயில் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "இங்கன மிட்டாய் இருக்கு டீச்சர், சரியாச் சொல்லுதோம். கடல்ல யாரு குடுப்பா?" கூடமே சிரித்தது. டீச்சர்தான் எல்லாரையும் விட அதிகம் சிரித்தார். "என் முதல் அத்தியாயம் கரையோட நின்னுட்டு தம்பி" என்று என்னிடம் சொல்லி, இந்த வழிமுறை போதாது என்று ஒரு பத்தி அடிக்கச் சொன்னார்.

இரண்டாவது அத்தியாயம் உளவியலின் புதுப் பக்கம். மனம் நொந்தவர்களை உட்கார வைத்துக் காது கொடுத்துக் கேட்டுக் கேட்டு, மனிதன் தன்னைத் தானே திருத்திக்கொள்ளக் கூடியவன் என்று கண்டவர்கள் எழுதியது. பெரியவர்களுக்குப் பாடம் அவர்களுடைய அனுபவத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது அங்கிருந்து வந்ததாம். டீச்சர் மிட்டாய்ப் பாட்டிலை என் கடையில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு போய் உட்கார்ந்து, நீங்கள் சொல்லுங்கள் என்றார். அன்றைக்குச் சாயங்காலம் மணி அடித்தும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. மச்சான் அவருடைய அப்பாவைப் பற்றிப் பேசினார். தண்ணீருக்குள் வாயிலிருந்து குமிழி விட்டால் அந்த மனிதர் கரையில் வந்து திட்டுவாராம், சின்னப்பிள்ள மாதிரி குமிழி விடுதியே என்று. மூச்சை விடுவது தோற்றுப் போவது என்று மச்சான் உடம்பில் எழுதியிருக்கிறது. அது எங்களுக்கே அன்றைக்குத்தான் தெரியும். திரும்பி வரும்போது டீச்சர் சொன்னார்: "பிள்ளைங்க வகுப்புக்குத் தனியா வரும். பெரியவங்க தனியா வாரதில்ல தம்பி. அப்பாவையும் கூட்டாளியையும் தோள்ல தூக்கிட்டுத்தான் வாராங்க. நாம அவங்களுக்கும் சேத்துப் பாய் விரிக்கணும்."

இந்த அத்தியாயத்தை அனுப்பிய பிறகுதான் அந்த வேடிக்கை நடந்தது. நெறியாளர் மேற்கே கொங்குப் பக்கத்துக்காரர், கடலைச் சுற்றுலாவில் மட்டும் பார்த்தவர். தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'குளிப்பவர்களுக்கு மூச்சு விடுவதில் என்ன சிரமம்? குளியலறை வசதி உண்டா?' டீச்சர் அதைக் கூடத்தில் வாசித்துக் காட்டினார். மச்சானின் கூட்டாளி விழுந்து விழுந்து சிரித்தார். அவரும் சங்கு குளிக்கிறவர்தான். பள்ளிவாசல் தெரு ஆள், இருபது வருடமாக மச்சானோடு ஒரே படகு. "டீச்சர், சாருக்கு ஒரு சோப்பு வாங்கி அனுப்புங்க, எங்க பேரைச் சொல்லி" என்றார். அந்த ஒரு சொல்லை விளக்க டீச்சர் முன்னுரையில் தனியாகப் பத்தி எழுத வேண்டியதாயிற்று. பின்னால் நெறியாளர் அதைத்தான் மிகவும் ரசித்துப் படித்தேன் என்றாராம்.

பேச்சு நன்றாக நடந்ததே தவிர, மச்சான் கயிற்றில் நிற்கவில்லை. அக்கா ஒவ்வொரு சாயங்காலமும் அவர் நடந்து வருகிற காலடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது மூன்றாவது அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்தது, சமூகவியலும் மானிடவியலும். மனிதன் தனியாகத் தலைக்குள் கற்பதில்லை, ஒரு கூட்டத்துக்குள் இடம் பிடிக்கும்போதுதான் கற்கிறான் என்கிற சங்கதி. அப்படியானால் கூடத்தில் உட்கார்ந்து என்ன பிரயோசனம் என்று டீச்சருக்கே தோன்றிவிட்டது. படகில் வருகிறேன் என்றார். படகுக்காரர் முதலில் யோசித்தார், பிறகு ஒரு நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தார். டீச்சர் போகிற வழியெல்லாம் வாந்தி எடுத்தார். ஆனாலும் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார். மச்சான் அன்றைக்கு டீச்சருக்கு மரியாதை கொடுத்துக் கயிற்றைப் பிடித்துக் கொஞ்சம் நின்றிருக்கிறார். அதற்குள் கூட்டாளி ஏறி வந்து, படகு விளிம்பில் உட்கார்ந்து கயிற்றை ஆட்டு ஆட்டென்று ஆட்டி, "ஏலே, வவ்வால் தொங்குது பாருங்கலே" என்று படகையே சிரிக்க வைத்திருக்கிறார். மச்சான் சட்டென்று மேலே வந்துவிட்டார். "தொங்கிட்டுக் கெடக்க நான் என்ன வவ்வாலா?" என்று டீச்சரிடமே கேட்டாராம்.

அன்று மத்தியானம் உப்புப் படிந்த சேலையோடு டீச்சர் என் கடைக்கு வந்து உட்கார்ந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. முகம் வெளிறியிருந்தது, கண் மட்டும் பிரகாசம். "தம்பி, நான் இம்புட்டு நாளும் உம்ம மச்சானுக்குப் பாடம் நடத்திட்டு இருந்தேன். கத்துக்கிட வேண்டியது அவரு இல்ல, அந்தப் படகு" என்றார்.

அடுத்த ஞாயிறு வீட்டுக்காரிகளையும் வரச் சொன்னார். கயிற்றில் நிற்கிற நேரத்தில் என்னதான் கஷ்டம் என்று கேட்டார். வலி இல்லை, குளிர் கூட இல்லை. சும்மா நிற்பதுதான் கஷ்டம் என்றார்கள். கையில் சங்கு இருக்கிறது, தலைக்கு மேலே வெளிச்சம் தெரிகிறது, ஒன்றும் செய்யாமல் நிற்பது ஆம்பளைக்கு அழகா என்றார் கூட்டாளி. பின்வரிசையில் இருந்த என் அக்கா எழுந்தாள். கூட்டத்தில் பேசாதவள். "சும்மா என்னத்துக்கு நிக்கணும்? ஜெபமாலையில பத்து மணி சொல்லிட்டு வாங்க. கோயில்ல உக்காரச் சொன்னா ஓடுதீங்கள்லா, அங்கன எங்க ஓடுவீங்க?" என்றாள். கூடம் அதிர்ந்தது. ஆனால் டீச்சர் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவளையே பத்து அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். அவள் சொல்லி முடிக்கவும் டாக்டர் நிற்கச் சொன்ன நேரம் முடியவும் சரியாக இருந்தது. கூட்டாளி கையைத் தூக்கி, அப்ப எனக்கு என்ன கணக்கு என்றார். பிறகு அவரே, எனக்கு ஓதுறதுக்குத் தஸ்பீஹ் மணி இருக்குல்லா என்று சொல்லிக்கொண்டார். நிற்பேன் என்று மட்டும் சொல்லவில்லை.

மச்சான் மறுநாள் கயிற்றில் நின்றார். கயிற்றை ஆட்டியும் வரவில்லை. ஜெபத்தைப் பாதியில் விட்டால் பாவம் என்று ஒரு சாக்கு கிடைத்துவிட்டதே. படகில் இருந்தவர்களும் ஜெபம் சொல்கிற ஆளை வவ்வால் என்று எத்தனை நாள் சொல்வார்கள்? சில நாள் கழித்து அவர் டீச்சரிடம் ஒரு விஷயம் சொன்னார். "டீச்சர், மனசுக்குள்ள சொன்னாலும் மூச்சை அடக்கிட்டுச் சொல்ல வர மாட்டேங்கு. ஒவ்வொரு மணிக்கும் தானா மூச்சு வெளிய போகுது. இப்ப குமிழி விட்டா அப்பா ஏசுத மாதிரி இல்ல. அவரும் கூட நின்னு சொல்லுத மாதிரி இருக்கு." டீச்சர் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார். நான்காவது அத்தியாயம் தத்துவம். பட்டதெல்லாம் படிப்பாகிவிடாது, பட்டதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கும்போதுதான் அது படிப்பாகிறது என்று அதில் இருந்தது. அந்த வரியை அடிக்கும்போது எனக்கு மச்சான் ஞாபகம்தான்.

டீச்சருக்குப் பட்டம் கிடைத்தது. கடைசி நேர்காணலில், இது கல்வியா, உளவியலா, சமூகவியலா, எந்தத் துறைக்குச் சொந்தம் என்று கேட்டார்களாம். தெரு கை தூக்குகிற கதையைத்தான் அங்கேயும் சொல்லியிருக்கிறார். டாக்டர் என்று கூப்பிட்டால் ஊசி போடச் சொல்வீர்கள், டீச்சரே போதும் என்று சொல்லிவிட்டு நாசரேத்துக்கே திரும்பிவிட்டார். பாட்டில் மட்டும் என் கடையில் தங்கிவிட்டது.

வகுப்பு முடிந்த பிறகு அக்காவுக்குத்தான் நிம்மதி இல்லை. நின்னீங்களா என்று தினமும் கேட்பாள், சத்தியமா நின்னேன் என்பார் மச்சான். சத்தியம் கூடக் கூட அவளுக்குச் சந்தேகமும் கூடியது. ஒருநாள் என் கடையில் வைத்தே சொன்னாள்: "எனக்குச் சத்தியம் வேண்டாம். கயித்துல நின்னு வந்த நாளைக்கு இந்தப் பாட்டில்ல இருந்து ஒரு மிட்டாய் எடுத்துட்டு வாங்க. நிக்கலேன்னா எடுக்காதீங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்." துறைமுகத்திலிருந்து அவர் வீட்டுக்குப் போகிற வழி என் கடை. சாயங்காலம் பைக்கை நிறுத்துவார், மூடியைத் திறப்பார், ஒன்று எடுத்துச் சட்டைப் பையில் போடுவார், போவார். பாட்டில் காலியானால் நான் நிரப்பி வைப்பேன்.

ஒருநாள் பைக் வந்து நின்றது. மச்சான் உள்ளே வந்தார். பாட்டிலைப் பார்த்தார். மூடியில் கை வைத்தார். "வாரேன் மாப்ள" என்று சொல்லிவிட்டு எடுக்காமல் போய்விட்டார். காற்று திரும்பிவிட்டது என்று படகில் அவசரப்படுத்தியதில் பழையபடி மேலே வந்துவிட்டாராம், அக்கா பிறகு சொன்னாள். சொன்னபடி அவள் ஒன்றும் கேட்கவில்லை, அவரை அசையாமல் படுக்க வைத்து, விடிந்ததும் டாக்டரிடம் கூட்டிப் போனாள். கால் நன்றாக இருந்தது. நான் டீச்சருக்குப் போன் போட்டு, எல்லாம் வீணாகிவிட்டது என்று சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "எடுக்காமப் போனாரா தம்பி?" என்று மறுபடி கேட்டார். ஆமாம் என்றேன். "எடுத்திருந்தா யாருக்குத் தெரியும்?" என்றார். ஒருத்தருக்கும் தெரியாது என்றேன். பெருமூச்சு விட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது. "அப்ப அவரு கத்துக்கிட்டாரு. கூண்டுக்குள்ள இருக்க எலி தானா மிட்டாய வேண்டாம்னு சொல்லாது. நான் ஒதுக்கி வச்ச அத்தியாயத்தை உம்ம அக்கா எடுத்து வேற மாதிரி எழுதிட்டா." அதன் பிறகு மச்சான் எடுக்காமல் போனது இல்லை.

போன வாரம் வழக்கம்போல வந்தார். கல்லூரிப் பெண் ஒருத்தி ஸ்பைரல் போடக் காத்துக்கொண்டிருந்தாள், பாட்டிலைப் பார்த்து அந்தப் பழைய கேள்வியைக் கேட்டாள். நான் பதில் சொல்லும் முன் மச்சான் மூடியைத் திறந்து மிட்டாய் எடுத்தார். ஒன்று இல்லை, இரண்டு. நான் நிமிர்ந்து பார்த்தேன். வெளியே பைக்கின் பின்சீட்டில் கூட்டாளி உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கம் பார்க்காமல், எதிர்க் கல்லூரிக் காம்பவுண்டில் என்னவோ அதிசயம் நடக்கிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டு, கையை மட்டும் பின்னால் நீட்டி வைத்திருந்தார்.

"ரெண்டாவது யாருக்கு மச்சான்?" என்றேன்.

"வெளிய நிக்க வவ்வாலுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாட்டிலில் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. இனி கூடுதலாக வாங்கிப் போட வேண்டும்.